உறிஞ்சுதல் என்ற ஒரு சொல்லும் வேருக்குள் நடக்கும் இரு வேலைகளும்

"வேர் மண்ணிலிருந்து நீரையும் சத்துகளையும் உறிஞ்சுகிறது" என்ற வரியைப் பள்ளிப் பாடத்தில் படிக்காமல் வந்தவர் அரிது. அந்த வரியில் பிழை இல்லை. ஆனால் அதிலுள்ள 'உறிஞ்சுகிறது' என்ற ஒற்றை வினைச்சொல், தன்மையில் முற்றிலும் வேறுபட்ட இரண்டு நிகழ்வுகளை ஒன்றாகக் காட்டிவிடுகிறது. நீர் செடிக்குள் நுழைந்து உச்சி இலைவரை ஏறுவதற்குச் செடி தன் உணவிலிருந்து செலவிடும் ஆற்றல் மிகச் சிறிது. அந்த ஓட்டத்தை நடத்துவது இலையைச் சூழ்ந்திருக்கும் வறண்ட காற்றும் வெயிலின் வெப்பமும்தான். சத்துகள் அப்படி வருவதில்லை. நைட்ரேட்டானாலும் பாஸ்பேட்டானாலும் பொட்டாசியமானாலும், அவற்றை வேரின் உயிருள்ள செல்கள் ஆற்றலைச் செலவழித்துத் தேர்ந்தெடுத்து உள்ளே எடுக்கின்றன. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், நீர் தேங்கிய நிலத்தில் செடி வாடுவது ஏன், உரம் மிகுந்தால் பயிர் கருகுவது ஏன், மண்ணில் கால்சியம் நிறைய இருந்தும் தக்காளிக் காயின் அடிப்பகுதி அழுகுவது ஏன் என்பன போன்ற, மேலோட்டமாகப் பார்த்தால் முரணாகத் தோன்றும் பலவும் விளங்கிவிடும்.

இதற்கான சான்றுகள் பழையவை. ஜெர்மனியில் பணியாற்றிய தாவரவியலாளர் எட்வர்ட் ஸ்ட்ராஸ்பர்கர், 1891-இல் வெளியிட்ட ஆய்வில், 20 மீட்டருக்கும் உயரமான மரத்தை அடியில் அறுத்து, அறுத்த முனையைச் செல்களைக் கொல்லும் நச்சுக் கரைசலில் நிறுத்தினார். அங்கே வேர் இல்லை. கரைசல் ஏற ஏறத் தண்டின் உயிருள்ள செல்களும் மடிந்துகொண்டே வந்தன. ஆயினும் கரைசல் உச்சிவரை சென்றது. இலைகள் மடிந்த பிறகே ஓட்டம் நின்றது. சத்துகளின் கதை இதற்கு நேர்மாறானது. வேரைச் சூழ்ந்த கரைசலிலிருந்து ஆக்சிஜனை நீக்கினாலும், சயனைடு போன்ற நஞ்சினால் வேரின் சுவாசத்தைத் தடுத்தாலும், உப்புகள் உள்ளே செல்வது விரைவில் சரிந்துவிடும். முதல் வேலைக்கு உயிருள்ள செல்களின் உழைப்பு தேவையில்லை. இரண்டாவதற்கு அது இன்றியமையாதது.

நீரின் பயணத்தை மண்ணிலிருந்து தொடங்குவோம். மழை நின்று, மண்ணின் பெரிய துளைகளிலிருந்த நீர் ஓரிரு நாளில் கீழே வடிந்த பின், துகள்களின் மேல் மெல்லிய படலமாகவும் சிறு துளைகளுக்குள்ளும் தங்கிவிடும் நீரின் அளவை வயல் கொள்திறன் என்பர். அந்த நீர் எவ்வளவு எளிதாக இடம் பெயரும் என்பதை அளக்கும் கணக்குக்கு நீரியல் திறன் என்று பெயர். எதனாலும் பிடித்து வைக்கப்படாத தூய நீருக்கு அதன் மதிப்பு சுழி. மண் துகள்கள் நீரைப் பற்றிக்கொண்டாலும், உப்பு அதில் கரைந்தாலும், நீர் இழுவிசைக்கு உட்பட்டாலும் மதிப்பு சுழிக்குக் கீழே இறங்கும்; நீர் எப்போதும் மதிப்பு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கியே நகரும். வயல் கொள்திறனில் உள்ள மண்ணில் இது சுமார் −0.03 மெகாபாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 10 மடங்கு அழுத்தம்தான் 1 மெகாபாஸ்கல் என்று நினைவில் வைத்தால் போதும். பகல் நேரத்து இலையில் அது −1 அல்லது −2 அளவில் இருக்கும். பாதி ஈரப்பதமுள்ள காற்றிலோ அது −90-க்கும் கீழே போய்விடுகிறது. இந்த எண்களை ஒருமுறை வரிசையாகப் பார்த்தால் போதும், உண்மையான சரிவு எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும்: மண்ணுக்கும் இலைக்கும் இடையே சிறு இறக்கம், இலைக்கும் காற்றுக்கும் இடையே பெரும் பள்ளம்.

மண் காயக் காய எஞ்சிய நீர் மேலும் மேலும் சிறிய துளைகளுக்குள் ஒதுங்கி, துகள்களோடு இறுகப் பற்றிக்கொள்கிறது. சுமார் −1.5 மெகாபாஸ்கலை எட்டும்போது பெரும்பாலான பயிர்களால் அதை எடுக்க இயலாது. இரவில் காற்று குளிர்ந்தாலும் இலைகள் நிமிர்வதில்லை. இதை நிரந்தர வாடல் நிலை என்பர். மண்ணில் நீர் இருக்கிறதா என்ற கேள்வியைவிட, அந்த நீரை மண் எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்ற கேள்வியே செடிக்குப் பொருளுடையது. களிமண்ணில் நீர் நிறைய இருந்தும் செடி வாடுவது இதனால்தான். உரம் மிகுந்தால் கருகுவதும் இதே கணக்குத்தான்: கரைந்த உப்பு மண் நீரின் திறனைத் தாழ்த்திவிடுவதால், வேருக்கும் மண்ணுக்கும் இடையிலிருந்த சரிவு மறைந்துவிடுகிறது.

வேரின் நுனிக்குச் சற்று மேலே, புறத்தோல் செல்களின் நீட்சிகளாக வேர்த்தூவிகள் வளர்கின்றன. அவை சில நாட்களோ சில வாரங்களோ வாழ்ந்து உதிர்ந்துவிடும். நுனி முன்னேற முன்னேறப் புதியவை தோன்றிக்கொண்டே இருக்கும். இவற்றால் வேரின் பரப்பு எவ்வளவு பெருகுகிறது என்பதை ஹோவர்ட் டிட்மர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1937-இல் வெளியிட்டார். ஒரு பெட்டி மண்ணில் 4 மாதம் வளர்ந்த ரை என்ற தானியப் பயிரின் ஒரே ஒரு செடியின் வேர்த்தொகுதியை அவர் கழுவி எடுத்து அளந்தார். கிளை வேர்களின் எண்ணிக்கை 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேல். அவற்றின் மொத்த நீளம் சுமார் 620 கிலோமீட்டர். வேர்த்தூவிகள் ஏறத்தாழ 1,400 கோடி. அவற்றை வரிசையாக வைத்தால் 10,000 கிலோமீட்டரைத் தாண்டும். மாதிரிகளை எண்ணிப் பெருக்கிப் பெற்ற மதிப்பீடுதான் இது. ஆனாலும் அந்தப் பொறுமையை நினைக்கும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வேர்த்தூவியைத் தொட்ட நீர் உள்ளே போக இரண்டு வழிகள் உண்டு. புறத்தோலுக்கு உள்ளே அமைந்த புறணி என்ற பகுதியின் செல் சுவர்கள் நுண்துளை நிறைந்தவை. அந்தச் சுவர்களின் ஊடாகவே, எந்தச் செல்லுக்குள்ளும் நுழையாமல், நீரும் அதில் கரைந்தவையும் வெகுதூரம் போகலாம். மற்றொரு வழி, செல் சவ்வைக் கடந்து உள்ளே புகுந்து, அடுத்தடுத்த செல்களை இணைக்கும் நுண்ணிய உயிர்ப்பொருள் இழைகள் வழியாகச் செல்வது. சுவர் வழியே வந்தவை அனைத்தும் புறணியின் உள் எல்லையான அகத்தோலை அடைந்ததும் தடுக்கப்படுகின்றன. அகத்தோல் செல்களைச் சுற்றிலும், இரண்டு செல்கள் ஒட்டும் சுவர்களில், நீர் புகாத லிக்னின் பட்டை ஒன்று ஓடுகிறது. 1865-இல் ராபர்ட் காஸ்பரி விவரித்ததால் இதற்குக் காஸ்பேரியன் பட்டை என்று பெயர். செங்கற்களுக்கு இடையே பூசிய காரை போல அது எல்லா இடுக்குகளையும் அடைத்துவிடுவதால், தண்டுக்குப் போகும் குழாய்களை எட்ட வேண்டிய எதுவும் ஓரிடத்திலாவது ஒரு செல் சவ்வைக் கடந்தாக வேண்டும். வேரின் முழு அமைப்பிலும் நான் மிகவும் மதிக்கும் உறுப்பு இதுதான். தாவர உடலுக்குள் எது போகலாம், எது கூடாது என்ற முடிவு எடுக்கப்படும் இறுதி வாயில் இதுவே.

அந்த வாயிலில் நீருக்குத் தனிப் பாதை உண்டு. சவ்வின் கொழுப்புப் படலத்தை நீர் மெதுவாகவே ஊடுருவும். விரைந்து கடக்க அக்குவாபோரின் என்ற புரத வாய்க்கால்கள் உதவுகின்றன. இவ்வகைப் புரதம் நீரைக் கடத்துகிறது என்பதை 1992-இல் நிறுவிய பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்த வாய்க்கால்கள் நீரை இழுப்பதில்லை, தள்ளுவதும் இல்லை. சரிவு இருக்கும் திசையில் வழி விடுகின்றன, அவ்வளவுதான். ஆனால் அவற்றை மூடவும் முடியும். நிலத்தில் நீர் தேங்கி வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காதபோது செல்லின் உட்பகுதி சற்று அமிலமாகிறது. அந்த மாற்றமே அக்குவாபோரின்களை மூடிவிடுகிறது. வெள்ளத்தில் நிற்கும் செடி தாகத்தால் வாடும் விந்தைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி இரண்டாவது வேலை. 17-ஆம் நூற்றாண்டில் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட், 200 பவுண்டு உலர் மண்ணில் ஒரு வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரத்தின் எடை 160 பவுண்டுக்கு மேல் கூடியது. மண்ணின் எடை 2 அவுன்ஸ், அதாவது 60 கிராமுக்கும் சற்றுக் குறைவாகவே இறங்கியிருந்தது. மரம் முழுவதும் நீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். காற்றின் பங்கை அவர் அறியவில்லை என்பதைப் பலரும் சுட்டிக்காட்டுவர். அளவைப் பிழை என்று ஒதுக்கத்தக்க அந்த 2 அவுன்ஸைத்தான் நான் எண்ணிப் பார்க்கிறேன். அதற்குள்தான் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து முதல் மாலிப்டினம் வரை அத்தனையும் அடங்கியிருக்கும். உயர் தாவரங்களுக்கு இன்றியமையாதவை என்று இன்று பரவலாக ஏற்கப்படும் 17 தனிமங்களில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் தவிர்ந்த 14-ம் பெரும்பாலும் வேர் வழியாகவே வர வேண்டும்.

அவை மண்ணில் ஒரே மாதிரி இருப்பதில்லை. களிமண் துகள்களும் மண்ணில் மக்கிய கரிமப் பொருளும் எதிர்மின்சுமை கொண்டவை. பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், அம்மோனியம் ஆகிய நேர்மின் அயனிகளை அவை பற்றி வைத்திருந்து, ஹைட்ரஜன் அயனிக்கு ஈடாக விட்டுக்கொடுக்கின்றன. நைட்ரேட் எதிர்மின் அயனி என்பதால் அதைப் பிடித்து வைக்க யாரும் இல்லை. நீரோடு வேரை நோக்கி எளிதில் வரும், கனமழை பெய்தால் அதே எளிமையோடு வேருக்குக் கீழே அடித்துச் செல்லப்படும். பாஸ்பேட் வேறு வகை: இரும்பு, அலுமினியம், கால்சியம் ஆகியவற்றோடு பிணைந்து கிட்டத்தட்ட அசையாமல் கிடக்கிறது. வேரைச் சுற்றிச் சில மில்லிமீட்டருக்குள் இருக்கும் பாஸ்பேட் தீர்ந்துவிட்டால், அப்பாலுள்ளது ஊர்ந்து வந்து சேர வெகு காலம் ஆகும்.

இங்கே பூஞ்சைகள் துணைக்கு வருகின்றன. நிலத் தாவர இனங்களில் பெரும்பான்மையானவற்றின் வேர்களில் வேர்ப்பூஞ்சைகள் குடியிருக்கின்றன. வேர்த்தூவியைவிட மிக மெல்லிய அவற்றின் இழைகள், பாஸ்பேட் தீர்ந்துபோன வட்டத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் பரவி, அங்கிருந்து பாஸ்பேட்டைக் கொண்டுவந்து சேர்த்து, பதிலுக்குச் செடியின் சர்க்கரையையும் கொழுப்பையும் பெறுகின்றன. இதை ஒரு கொடுக்கல் வாங்கல் என்று சொல்வது மிகையன்று. மண்ணில் பாஸ்பேட் தாராளமாக இருக்கும்போது பல செடிகள் இந்த உறவைச் சுருக்கிக்கொள்கின்றன.

வேர் செல்லின் சவ்வில் நடப்பதைப் பார்ப்போம். அங்கே உள்ள புரோட்டான் எக்கிகள், சுவாசத்தால் கிடைத்த ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து, ஹைட்ரஜன் அயனிகளை இடைவிடாமல் வெளியே தள்ளுகின்றன. இதனால் செல்லின் உட்புறம் வெளியைவிட 100 மில்லிவோல்ட்டுக்கும் அதிகமாக எதிர்மின் தன்மை அடைகிறது. இந்த மின் வேறுபாடே செடியின் சேமிப்பு. நேர்மின் கொண்ட பொட்டாசியம் அதனால் ஈர்க்கப்பட்டுத் தனக்குரிய வாய்க்கால் வழியே உள்ளே வருகிறது. நைட்ரேட், பாஸ்பேட் போன்ற எதிர்மின் அயனிகளுக்கு அந்த வேறுபாடு பகை. ஆகவே அவை, வெளியே தள்ளப்பட்ட ஹைட்ரஜன் அயனிகள் திரும்பி வரும்போது அவற்றோடு கைகோத்து, இணைக் கடத்திகள் வழியாக நுழைகின்றன. மண் நீரில் உள்ளதைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட செறிவில் பாஸ்பேட்டைச் செல்லுக்குள் சேர்த்து வைப்பது இப்படித்தான் இயலுகிறது.

இரும்புக்காக வேர் எடுக்கும் முயற்சி இன்னும் நுட்பமானது. மண்ணில் இரும்பு ஏராளம். ஆனால் காற்றோட்டமுள்ள, சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அது கரையாத வடிவில் இருக்கிறது. பெரும்பாலான தாவரங்கள் வேரைச் சுற்றி அமிலத்தைக் கசியவிட்டு, கரைந்து வரும் இரும்பை வேரின் மேற்பரப்பிலேயே வேதி மாற்றம் செய்து உள்ளே எடுக்கின்றன. நெல், கோதுமை, பார்லி அடங்கிய புல் குடும்பமோ, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சேர்மங்களை மண்ணுக்குள் அனுப்பி, கவ்விய இரும்போடு அவற்றை முழுதாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இதையெல்லாம் அறிந்த பின்பும் வேரைப் பஞ்சு போல நீரை ஈர்க்கும் பொருள் என்று எண்ண எவருக்கும் மனம் வராது.

அயனிகள் அகத்தோலைக் கடந்ததும், உள்ளே இருக்கும் செல்கள் அவற்றை, நீரைத் தண்டுக்கும் இலைக்கும் கொண்டுசெல்லும் சைலக் குழாய்களில் இறக்கிவிடுகின்றன. முதிர்ந்த சைலக் குழாய் செத்த செல்களின் வெற்றுக்கூடு. இங்கே இரு வேலைகளும் சந்திக்கின்றன: உயிருள்ள செல்கள் ஏற்றிவைத்த சரக்கை, உயிரற்ற குழாயில் ஓடும் நீர் சுமந்து செல்கிறது.

அந்த நீர் எப்படி ஏறுகிறது என்பது 200 ஆண்டுகளாக விவாதிக்கப்பட்ட கேள்வி. குழாயின் மேல்முனையில் வெற்றிடத்தை உண்டாக்கினாலும் வளிமண்டல அழுத்தம் நீரை 10.3 மீட்டருக்கு மேல் ஏற்றாது. கலிபோர்னியாவில் 2006-இல் கண்டறியப்பட்ட ஹைப்பீரியன் என்ற செம்மரம் (ரெட்வுட் என்ற ஊசியிலை மரம்; நம் நாட்டுச் செம்மரம் அன்று) 115 மீட்டரையும் தாண்டி நிற்கிறது. மிகக் குறுகிய குழாயில் நீர் தானாகவே மேலேறும் நுண்குழாய் ஏற்றமே காரணம் என்று இன்றும் சிலர் எழுதுகின்றனர். 40 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள சைலக் குழாயில் அது நீரை அரை மீட்டர்கூட ஏற்றாது. வேர் அழுத்தம் என்று ஒன்று உண்மையாகவே உண்டு. ஸ்டீபன் ஹேல்ஸ் 1727-இல் வெளியிட்ட சோதனைகளில், வெட்டிய திராட்சைத் தண்டில் பொருத்திய கண்ணாடிக் குழாயில் சாறு 20 அடிக்கும் மேல் ஏறியது. இரவில் வேர் அயனிகளைச் சைலத்தில் குவிக்க, அவற்றைத் தொடர்ந்து நீர் வந்து அழுத்தம் கூடுகிறது; விடியலில் புல் நுனியில் நிற்கும் துளிகள் பலவும் பனியாக இல்லாமல் இப்படிக் கசிந்த நீராக இருப்பதுண்டு. ஆனால் ஊசியிலை மரங்கள் பலவற்றில் வேர் அழுத்தம் அளக்கும்படி இல்லை. மிக உயரமான மரங்கள் அவையே. ஜகதீஷ் சந்திர போஸ், தண்டின் உயிருள்ள செல்கள் இதயம் போலத் துடித்து நீரை ஏற்றுகின்றன என்று 1923-இல் வாதிட்டார். அவருடைய கருவிகளின் நுட்பம் இன்றும் போற்றத்தக்கது; எனினும் அந்தத் துடிப்புக் கோட்பாடு பிறருடைய சோதனைகளில் உறுதிப்படவில்லை.

இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கத்தை 1894-இல் ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் முன்வைத்தனர். இலைக்குள், காற்றிடைவெளிகளை ஒட்டிய செல் சுவர்கள் எப்போதும் ஈரமாக இருக்கின்றன. அந்தச் சுவர்களின் இழைகளுக்கு இடையிலுள்ள துளைகள் மில்லிமீட்டரில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சிறியவை. நீர் ஆவியாகும்போது இத்துளைகளில் நீரின் மேற்பரப்பு உட்குழிந்து, பரப்பு இழுவிசையால் பின்னாலுள்ள நீரை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றியிருப்பதால், அந்த இழுவை இலை நரம்பு, கிளை, தண்டு, வேர் என்று அறுபடாத நீர் இழையின் வழியே மண்வரை இறங்குகிறது. நுண்குழாய் விசை தேவைப்படும் இடம் இலையின் சுவர்தான். சைலக் குழாய் அந்த இழுவையைக் கடத்தும் வழி மட்டுமே. ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் புவியீர்ப்பை எதிர்க்க 0.01 மெகாபாஸ்கல் வேண்டும். குழாயின் உராய்வுக்கும் ஏறத்தாழ அதே அளவு. 100 மீட்டர் மரத்துக்கு 2 மெகாபாஸ்கல் போதும். இலைச் சுவரின் துளைகள் 10 மெகாபாஸ்கலுக்கும் மேற்பட்ட இழுவையைத் தாங்க வல்லவை.

இழுபட்ட நிலையில் நீர் இருக்கிறது என்பதை நம்பப் பலர் தயங்கினர். 1965-இல் பெர் ஸ்கோலாண்டரும் உடனிருந்தோரும் எளிய கருவி ஒன்றால் அதை அளந்து காட்டினர். வெட்டிய கிளையை அழுத்தக் கலனுக்குள் வைத்து, வெட்டுமுனையை வெளியே நீட்டி, சாறு மீண்டும் வெட்டுமுனைக்கு வரும்வரை வளியழுத்தத்தைக் கூட்டினால், கிளைக்குள் இருந்த இழுவையின் அளவு தெரிந்துவிடும். உயர்ந்த டக்ளஸ் ஃபிர் மரங்களின் உச்சிக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி அவர்கள் சோதித்தனர். உயரம் கூடக் கூட இழுவையும் கூடியிருந்தது.

அதே ஆய்வில் அலையாத்தி மரங்களும் இடம்பெற்றன. இரு வேலைகளும் ஒரே இடத்தில் உச்சத்தை அடைவதை அவற்றில் காணலாம். கடல் நீரின் நீரியல் திறன் சுமார் −2.5 மெகாபாஸ்கல். அதிலிருந்து நீரை எடுக்க, சைலத்துக்குள் அதைவிடக் கடுமையான இழுவை இருந்தாக வேண்டும். அளவீடுகள் அப்படியே காட்டின. வேரின் தடைகள் உப்பின் பெரும்பகுதியை வெளியிலேயே நிறுத்த, காற்றின் வறட்சி நன்னீரை மட்டும் வடித்து மேலே இழுக்கிறது.

இழுவைக்கு ஓர் ஆபத்து உண்டு. வறட்சியில் அது எல்லை மீறினால் குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்து நீர் இழையை அறுத்துவிடும். அறுபடும் கணத்தில் எழும் நுண்ணொலியை 1960-களிலேயே கருவிகள் பதிவு செய்துள்ளன. குழாய்களுக்கு இடையிலுள்ள குழிகளின் மெல்லிய சவ்வுகள் குமிழியை ஒரே குழாய்க்குள் அடைத்து வைக்கின்றன. நீர் பக்கத்துக் குழாய்க்கு மாறிப் போகிறது. அகன்ற குழாய்கள் நீரை மணிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் கடத்தினாலும் எளிதில் அறுபடும். குறுகியவை மெதுவாகக் கடத்தினாலும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். இழுவை உயரத்தோடு கூடுவதால் மரங்களின் வளர்ச்சிக்கும் ஓர் எல்லை உண்டு. 2004-இல் செம்மரங்களில் செய்த ஆய்வு அதை 122 முதல் 130 மீட்டருக்குள் மதிப்பிட்டது.

இவ்வளவு நீரையும் செடி பெரும்பாலும் இழந்துவிடுகிறது. உறிஞ்சியதில் 95 விழுக்காட்டுக்கு மேல் இலைத்துளைகள் வழியே ஆவியாகிறது. கார்பன் டைஆக்சைடு உள்ளே வரத் துளையைத் திறந்தால் நீராவி வெளியே போவதைத் தடுக்க வழியில்லை. நீராவிப்போக்கின் நோக்கமே சத்துகளை மேலே கொண்டுசெல்வதுதான் என்ற கூற்றை நான் ஏற்கவில்லை. ஈரப்பதம் மிகுந்த காற்றில், மிகக் குறைந்த நீராவிப்போக்கோடும் செடிகள் நன்றாக வளர்கின்றன. பெரும்பாலான சத்துகளுக்கு வளர்ச்சிக்குத் தேவைப்படும் நீரோட்டமே போதுமானது. கால்சியம் மட்டும் இதற்குப் பெரிதும் விலக்கு.

இலையில் உருவான சர்க்கரையைச் சுமக்கும் ஃபுளோயம், எர்ன்ஸ்ட் மூன்ச் 1930-இல் விளக்கியபடி, செடி தானே உண்டாக்கும் அழுத்தத்தால் இயங்குகிறது. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை அதிலும் ஏறிப் பயணம் செய்யக்கூடியவை. ஆகவே தட்டுப்பாடு வந்தால் செடி முதிய இலையிலிருந்து அவற்றைத் திரும்ப எடுத்து இளந்தளிருக்கு அனுப்புகிறது, அடியிலைகள் முதலில் மஞ்சளாகின்றன. கால்சியம் ஃபுளோயத்தில் ஏறத்தாழ ஏறுவதே இல்லை. நீர் ஆவியாகும் இடத்துக்குச் சைலம் கொண்டுபோய் விட்டால், அங்கேயே தங்கிவிடும். தக்காளி இலை நீரை விரைந்து ஆவியாக்குகிறது. மெழுகுத்தோல் போர்த்த காயில் ஆவியாதல் மிகக் குறைவு, அதற்கு வேண்டிய நீரும் சர்க்கரையும் பெரும்பாலும் ஃபுளோயம் வழியாகவே வருகின்றன. எனவே கால்சியம் இலைகளில் குவிய, காயின் நுனி வெறுமையாகிறது. அங்கே செல்கள் சிதைந்து கருத்து அமிழ்ந்த திட்டு தோன்றுகிறது. மண் ஒருமுறை காய்ந்து ஒருமுறை நனைந்தால் நிலைமை மோசமாகும். மண்ணில் போதிய கால்சியம் இருக்கும் இடங்களில் மேலும் சுண்ணாம்பு இடுவதைவிட, வேருக்கு நீர் ஒரே சீராகக் கிடைக்கச் செய்வதும், பொட்டாசியமும் அம்மோனியமும் மிகுந்து வேரின் வாயிலில் கால்சியத்தோடு போட்டியிடாமல் பார்த்துக்கொள்வதுமே அடுத்து வரும் காய்களைக் காப்பாற்றுகின்றன.